நண்பர் எழுதிய முதல் கதையைப் படித்துக் கருத்து சொல்வது எப்படி?

வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். "ஒரு கதை எழுதியிருக்கேன், படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, மறைக்காம சொல்லணும்" என்று கூடவே ஒரு வரி. அனுப்பியவர் அலுவலகத் தோழராக இருக்கலாம், சித்தி மகளாக இருக்கலாம், பள்ளியில் உங்களுக்குத் தமிழ் எடுத்த ஆசிரியராகக்கூட இருக்கலாம். நம்மில் பெரும்பாலோர் இதற்குச் செய்வது இரண்டில் ஒன்று. இரண்டு நாள் கழித்து "சூப்பர், ரொம்ப நல்லா இருக்கு" என்று ஒரு கைகூப்பும் படத்தோடு அனுப்பிவிடுவது, இல்லையென்றால் கண்ணில் பட்ட சந்திப்பிழைகளையெல்லாம் பட்டியல் போட்டு அனுப்புவது. இரண்டாலும் எழுதியவருக்குப் பெரிதாகப் பயன் இல்லை. முதல் கதையோடு எழுதுவதை விட்டுவிட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் திட்டு வாங்கி நிறுத்தியவர்களைவிட, யாருமே உருப்படியாக ஒன்றும் சொல்லாததால் ஆர்வம் வற்றிப்போய் நிறுத்தியவர்கள்தான் அதிகம். அதுதான் எனக்கு வருத்தம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் கதையை ஒருவர் படித்துப் பேசுகிறோம், பல வருடங்களாக. அங்கே கற்றுக்கொண்டதை, இதுவரை யாருக்கும் கருத்து சொல்லிப் பழக்கமில்லாத ஒருவர் அப்படியே எடுத்துச் செய்யும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்ல உங்களை யாரும் அழைக்கவில்லை. படிக்கும்போது உங்களுக்குள் என்ன நடந்தது, எந்த வரியில் நடந்தது என்று சொன்னால் போதும். எழுதியவருக்குத் தன் கதை மனப்பாடம். அதை முதல்முறை படிக்கும் அனுபவம் அவருக்கு ஒருபோதும் கிடைக்காது. அது உங்களிடம்தான் இருக்கிறது, உங்களிடமும் ஒரே ஒரு முறைதான் இருக்கும்.

பத்திரிகைகளில் வரும் விமர்சனம் வேறு. 1959-ல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது விமர்சனத்தை முன்னிறுத்தித்தான் தொடங்கினார். தமிழில் அந்த மரபு பெரியது, தேவையானதும்கூட. ஆனால் அது அச்சாகிவிட்ட படைப்பைப் பற்றி வாசகர்களோடு பேசுவது. நீங்கள் பேசப்போவது இன்னும் வெந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி, அதுவும் சமைப்பவரிடமே. கடுமையான விமர்சகர்களைப் படித்துவிட்டு அதே தொனியில் தம்பி எழுதிய முதல் வரைவை அடித்து நொறுக்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

படிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

கோப்பைத் திறக்கும் முன் ஒரு பதில் போடுங்கள். இது எத்தனையாவது வரைவு? எங்கேயாவது அனுப்பப் போகிறாரா, போட்டிக்கா, பத்திரிகைக்கா? கடைசி நாள் என்ன, சொற்களின் அளவு ஏதாவது உண்டா? அவருக்கே சந்தேகமாக இருக்கிற இடம் எது? நாளைக்குள் அனுப்ப வேண்டிய கதைக்கு "மூன்றாம் மனிதரின் பார்வையில் எழுதியிருக்கலாம்" என்று சொல்வது வேதனையை மட்டும்தான் தரும். அப்படிப்பட்ட கதைக்கு எழுத்துப்பிழையும், புரியாத ஓரிரு இடமும் சொன்னால் போதும். முதல் வரைவு என்றால் நேர்மாறு, பிழையைத் தொடவே வேண்டாம், அந்தப் பத்தியே அடுத்த வரைவில் இருக்கப்போகிறதோ என்னவோ.

சந்தேகமான இடம் எது என்று கேட்கும்போது பதிலை வாங்கி உடனே படிக்காதீர்கள். "அதைத் தனியாக எழுதி வையுங்கள், நான் படித்து முடித்ததும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்துவிட்டால் அந்த இடம் வரும்வரை அதையே தேடிக்கொண்டு படிப்பீர்கள்.

அப்புறம், ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதிக்குள் முடியுங்கள். கதையை அனுப்பிவிட்டு இரண்டு நீலக்குறியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேரம் இல்லையென்றால் "இந்த மாதம் முடியாது" என்று சொல்லிவிடலாம், அதில் தப்பே இல்லை.

முதல் வாசிப்பு: கையில் பேனா வேண்டாம்

முடிந்தால் அச்செடுத்துப் படியுங்கள். முடியாவிட்டால் கணினித் திரையில். பேருந்தில் நின்றுகொண்டு கைபேசியில் படிப்பது நியாயமில்லை, இடையில் இரண்டு அழைப்பு வந்தாலே கதையின் ஓட்டம் போய்விடும், அந்தப் பழியைக் கதைமேல் போடுவீர்கள்.

ஒரே மூச்சில் படியுங்கள். படித்து முடித்ததும் கதையை மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் நான்கைந்து வரியில் எழுதுங்கள்: இந்தக் கதையில் என்ன நடந்தது? யாருடைய கதை இது? எது இன்னும் மனதில் நிற்கிறது? திரும்பிப் பார்க்காமல் எழுத வேண்டும்.

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் தரப்போகிற எல்லாவற்றிலும் இதுதான் பெறுமதியானது. ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு பெண் தன் கதையைக் கொடுத்தார், மாமியாரின் கொடுமையைப் பற்றி எழுதியதாக அவர் நினைப்பு. படித்த ஆறு பேரில் நான்கு பேர் "மாமியாரின் தனிமையைப் பற்றிய கதை" என்று எழுதியிருந்தார்கள். யாரும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை, இந்த நான்கு தாள்களை அவர் கையில் கொடுத்ததோடு சரி. வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தக் கதையை மாமியாரின் பக்கத்திலிருந்து எழுதிக் கொண்டுவந்தார்.

இரண்டாவது வாசிப்பு: பென்சிலோடு

ஒரு நாளாவது இடைவெளி விட்டு மறுபடி படியுங்கள். மூன்று குறி போதும். பிடித்த இடத்தில் ஒரு டிக். புரியாத இடத்தில் கேள்விக்குறி. கண் தானாகத் தாவிப்போன இடத்தில் பக்கவாட்டில் ஒரு நெளிகோடு. இந்த நெளிகோட்டை மட்டும் நேர்மையாகப் போடுங்கள். எங்கே தாவினோம் என்று ஒத்துக்கொள்ள நமக்குக் கூச்சமாக இருக்கும், ஏதோ நாம் சரியாகப் படிக்காதது போல. ஆனால் நீங்கள் தாவிய இடத்தில் இன்னும் பத்துப் பேர் தாவுவார்கள்.

ஒரு பத்தியை வைத்துச் செய்து பார்ப்போம். எங்கள் குழுவுக்கு வரும் ஒரு தம்பி எழுதியது, அவருடைய அனுமதியோடு தருகிறேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். கதை நடப்பது அவருடைய பாட்டி ஊரில், மன்னார்குடிப் பக்கம். நிலத்தை விற்பதற்காக மகன் ஊருக்கு வருகிறான்:

"சித்திரை மாதத்து வெயிலில் சம்பாக் கதிர்கள் தலைசாய்த்து நின்றன. முருகேசன் பெட்டியைக் கீழே வைத்தான். அவன் மனம் வேதனையில் துடித்தது. சொல்லொணாத் துயரம் நெஞ்சை அடைத்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, 'சாப்பிட்டியா' என்று கேட்டாள்."

இதற்கு மோசமான கருத்து எப்படி இருக்கும்? "நடை கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது, இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்." இதை வைத்துக்கொண்டு அந்தத் தம்பி என்ன செய்வார்? ஆழம் என்பதை எந்தக் கடையில் போய் வாங்குவார்? "இன்னும் நன்றாக எழுதலாம்" வகை வாக்கியங்கள் எல்லாமே இப்படித்தான், சொன்னவருக்கு ஏதோ சொல்லிவிட்ட நிம்மதி, கேட்டவருக்குக் குழப்பம்.

நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இது. "தம்பி, அம்மா முறத்தைச் சுவரில் சாய்த்து வைக்கிற இடத்தில் நான் நின்றுவிட்டேன். மகனைப் பார்த்ததும் ஓடிவராமல், கையிலிருந்ததை ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் கேட்கிறாள். அவள் யார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் 'மனம் வேதனையில் துடித்தது', 'சொல்லொணாத் துயரம்' என்ற இரண்டு வரியையும் என் கண் தாவிவிட்டது, இரண்டாவது முறை படிக்கும்போதும் தாவியது. அம்மா முறத்தில் என்ன புடைக்கிறாள்? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது."

குழுவில் நீடாமங்கலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது வேறு: "சம்பா தை, மாசியிலேயே அறுத்து முடிஞ்சிடும். சித்திரையில வயல்ல கதிர் ஏது? அதுக்கப்புறம் தெளிச்ச உளுந்து, பயறுகூட எடுத்திருப்பாங்க."

இரண்டு கருத்துமே கதையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுகின்றன, எப்படித் திருத்துவது என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் வந்த வரைவில் வயல் வெறுமையாகக் கிடந்தது, மாடுகள் மேய்ந்தன. அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முருகேசனின் மனம் துடிக்கவே இல்லை, பெட்டியைக் கீழே வைக்காமலே வாசலில் நின்றான். பெட்டியைக் கீழே வைக்காமல் நிற்பதை நாங்கள் யாரும் சொல்லவில்லை, எங்களுக்குத் தோன்றியிருக்கவும் செய்யாது. அது அவருடையது.

தகவல்பிழையைச் சொல்லத் தயங்காதீர்கள்

மேலே சொன்ன சம்பா மாதிரி விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். 1985-ல் நடக்கும் கதையில் "திருவாரூர் மாவட்ட ஆட்சியர்" வந்தால் சொல்ல வேண்டும், அந்த மாவட்டம் 1997-ல்தான் வந்தது, 1985-ல் அது தஞ்சாவூர் மாவட்டம். 1990-ல் நடக்கும் கதையில் கடிதத்தின் தலையில் "சென்னை" என்று தமிழில் இருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் ஆங்கிலம் பேசும் பாத்திரம் அதை 'மெட்ராஸ்' என்றுதான் சொல்லியிருக்கும், அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1996-ல். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-ல், அதனால் பங்குனியில் காவிரித் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டதாக எழுதினால் டெல்டாக்காரர் அந்த வரியிலேயே கதையை மூடிவைத்துவிடுவார்.

உங்கள் தொழில், உங்கள் ஊர், உங்கள் சமையலறை சார்ந்த விஷயங்களில் நீங்கள்தான் நிபுணர். செவிலியராக இருந்தால் மருத்துவமனைக் காட்சியை உங்களைவிட யாரும் நன்றாகப் பார்க்க முடியாது. எழுதியவர் மனம் புண்படாத வகைக் கருத்தும் இதுதான், ஏனென்றால் இதில் ரசனைச் சண்டைக்கு இடமே இல்லை. புதிதாகக் கருத்து சொல்பவர்கள் இங்கிருந்து தொடங்கினால் தைரியம் வரும்.

எழுதிக் கொடுக்கும்போது

எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். நீங்கள் குறித்துவைத்தது இருபது இருக்கலாம். அதில் பெரியதாக இரண்டு அல்லது மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதை எங்கே தொடங்க வேண்டும், யார் பார்வையில் நகர்கிறது, முடிவு எனக்கு ஏன் ஒட்டவில்லை, இந்த மாதிரி. முதல் ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் குறையாது என்பது முதல் கதைகளில் அடிக்கடி பார்க்கிற விஷயம், காலை விடிந்து, சூரியன் உதித்து, காபி குடித்து, பிறகுதான் கதை வரும். அதைக்கூட "எனக்குக் கதை, தபால்காரர் வந்த இடத்தில்தான் தொடங்கியது" என்று சொல்லலாம். வெட்டுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கடிதத்தின் வரிசை இப்படி இருந்தால் எனக்குச் சரியாக வருகிறது: முதலில், பார்க்காமல் எழுதிய அந்த நான்கைந்து வரி. அப்புறம் மனதில் நின்ற இடங்கள், எந்த வரி என்று குறிப்பிட்டு. அப்புறம் தடுக்கிய இடங்கள். கேள்விகள். கடைசியில், தேவையென்றால் மட்டும், பிழைகள்.

பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கும் முறையைப் பலரும் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு முறை அப்படிக் கேட்டவர் மூன்றாம் முறை பாராட்டைக் காதிலேயே வாங்க மாட்டார், "ஆனால்" எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார். பாராட்டும் ஒரு தகவல்தான். "முறத்தைச் சாய்த்து வைக்கிற இடம்" என்று இடத்தைச் சுட்டிச் சொன்ன பாராட்டு, தன்னால் எது முடிகிறது என்று அவருக்குக் காட்டுகிறது. அடுத்த கதையில் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பார். குறைக்கு மருந்து தடவுவதற்காகச் சொன்ன பாராட்டில் இந்த வேலை நடக்காது.

ஒற்றுப்பிழை பற்றி ஒரு வார்த்தை. 'படித்து பார்த்தான்' என்று ஒரு 'ப்' விட்டுப்போனதால் எந்தக் கதையும் செத்துப்போகாது. பொருள் மாறுகிற இடத்தை மட்டும் முதலிலேயே சொல்லுங்கள்: 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறான், 'வேலைக் கொடு' என்றால் ஆயுதம் கேட்கிறான். மற்றதெல்லாம் அனுப்பும் முன் கடைசி நாளில் ஒரு மணி நேர வேலை.

வட்டார வழக்கைத் திருத்தவே திருத்தாதீர்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத சொல் பிழை ஆகிவிடாது. கோவைக்காரர் கதையில் 'ஏனுங்க' வரும், நாகர்கோவில்காரர் கதையில் 'மக்கா' வரும், யாழ்ப்பாணத்துக் கதையில் 'கதைக்கிறது' என்றால் பேசுவது. புரியவில்லை என்றால் கேள்விக்குறி போடுங்கள், அவ்வளவுதான்.

செய்யக்கூடாத ஒன்று

நான் செய்த தப்பு இது. ஆரம்பத்தில் ஒரு இளைஞர் கதை கொடுத்தார், எல்லாம் நன்றாக இருந்தது, முடிவு மட்டும் சப்பென்று இருந்தது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கடைசிப் பத்தியை நானே எழுதிக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது, அவரும் மரியாதைக்கு அப்படியே வைத்துக்கொண்டார். கதை அச்சிலும் வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் முடிவைத்தான் பாராட்டினார்கள். அதன்பிறகு அவர் எனக்கு ஒரு கதையும் அனுப்பவில்லை, கேட்டால் "எழுதணும் அண்ணா" என்பார். அவருடைய கதையை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதனால் கை பரபரத்தாலும் மாற்று வரி எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டும் போலிருந்தால், உங்கள் நோட்டில் எழுதிவிட்டு, அந்த வரி எந்தக் குறையைச் சரிசெய்யப் பார்க்கிறது என்று யோசியுங்கள். அந்தக் குறையைக் கேள்வியாக மாற்றி அனுப்புங்கள்.

இன்னொன்று, கதைக்குள் இருப்பது எழுதியவரின் சொந்த வாழ்க்கையாக இருக்கலாம். முதல் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான். "இந்த அப்பா பாத்திரம் நம்பும்படி இல்லை" என்று சொன்னால், போன வருடம் இறந்துபோன தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே பேசுங்கள், "உங்க அப்பா" என்று ஒருபோதும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், அவரே சொந்தக் கதைதான் என்று ஒத்துக்கொண்டாலும்கூட.

நேரில் பேசும்போது

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்ட் என்ற ஊரில் 1956-ல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அங்கிருந்து பரவிய முறைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் முறைவைத்துச் சில நிமிடம் பேசுவார்கள், யாரும் குறுக்கிடக்கூடாது, கதை எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது, எல்லாரும் முடித்தபிறகுதான் அவர் முறை. நாங்கள் இதைத்தான் பின்பற்றுகிறோம், ஒரே ஒரு மாற்றத்தோடு: எழுதியவரிடம் நடுவில் ஒருமுறை "போதுமா, தொடரலாமா?" என்று கேட்போம். எழுதியவர் பேசாமல் இருப்பது ஏன் முக்கியம் என்றால், அவர் விளக்க ஆரம்பித்தால் நீங்கள் தலையாட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், தாளில் இல்லாததெல்லாம் புரிந்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

இரண்டு பேர் மட்டும் என்றால் இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம், டீக்கடையே போதும். ஆனால் பெரியவர்களின் கதை என்றால், முக்கியமாக உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் கதை என்றால், எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நாள் கழித்துப் பேசுவது நல்லது. "ஐயா, நான் தடுமாறிய இடத்தை மட்டும் குறித்திருக்கிறேன்" என்று தொடங்கலாம், அது பணிவும் ஆகும், உண்மையும் ஆகும். மற்றவர்கள் இருக்கும்போது அவர்களிடம் குறை பேச வேண்டாம். குடும்ப வாட்ஸாப் குழுவில் யார் கதையைப் பற்றியும் எதையும் எழுத வேண்டாம், பாராட்டைக்கூட அவருக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் மறுபடி போட்டுக்கொள்வது அவர் விருப்பம்.

அவர் கோபப்பட்டால்? படுவார் சிலர். "உங்களுக்குப் புரியல" என்பார்கள். விவாதம் செய்யாதீர்கள். "இருக்கலாம், எனக்குப் படித்தபோது அப்படி இருந்தது" என்று சொல்லி விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னது உங்கள் அனுபவம், அதை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே வரியைத் திருத்தி அனுப்பியவர்களும் உண்டு, திருத்தாமலே விட்டு அது சரியாக அமைந்த கதையும் உண்டு.

இரண்டாவது வரைவு வந்தால், உங்கள் பழைய குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையெல்லாம் கேட்டார், எதையெல்லாம் கேட்கவில்லை என்று சரிபார்க்காதீர்கள். புதுக் கதைபோலப் படியுங்கள், அதே மூன்று குறிகள். மூன்றாவது வரைவையும் உங்களிடமே கொண்டுவந்தால் "இதை முதல்முறை படிக்க இனி என்னால் முடியாது" என்று சொல்லி, அந்தக் கதையை இதுவரை பார்க்காத ஒருவரிடம் அனுப்பிவையுங்கள்.